ஆசிரியர்களின் வாசிப்புப் பயிற்சிப் பதிவு: பள்ளி மாவட்டங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கப் பள்ளி மாவட்ட அலுவலகம் ஒன்றில், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின் அலுவலகத்தில், நீங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து காட்டி, "நம்ம டீச்சர்கள் எல்லாரும் வாசிப்புப் பயிற்சி முடிச்சிட்டாங்களான்னு இனிமே நீங்கதான் பாத்துக்கணும்" என்கிறார்கள். ஷீட்டில் பெயர்கள் இருக்கின்றன. பக்கத்தில் 'முடித்தார்', 'முடிக்கவில்லை' என்று இருக்கிறது. வேறொன்றும் இல்லை. அதை நம்பி மாநிலக் கல்வித் துறைக்கு அறிக்கை அனுப்ப முடியாது. அதை எப்படிச் சரிசெய்வது என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

வாசிப்பு கற்பிக்கும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கட்டாயம் என்ற சட்டம் இன்று பல மாநிலங்களில் இருக்கிறது. நான் கொலராடோவை எடுத்துக்கொள்கிறேன். அங்கே பொறுப்பு பள்ளி மாவட்டத்தின் தலையில்தான் என்று சட்டமே தெளிவாகச் சொல்கிறது. கூடவே பணமும் கட்டுண்டிருக்கிறது. வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலான படிகள் பொருந்தும். எங்கே மாறும் என்பதைக் கடைசிப் பகுதிக்கு முன் சொல்கிறேன்.

சட்டம் கேட்பது என்ன?

கொலராடோவின் 'ரீட் சட்டம்' 2012இல் வந்தது. கிண்டர்கார்டன் முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள குழந்தைகளின் வாசிப்பைச் சோதிக்க வேண்டும்; மிகவும் பின்தங்கிய குழந்தைக்குத் தனித் திட்டம் எழுத வேண்டும்; அப்படி அடையாளம் காணப்பட்ட குழந்தைகளுக்காக மாநிலம் தலைக்கு இவ்வளவு என்று மாவட்டத்துக்குப் பணம் தரும். இதுதான் சட்டத்தின் அடிப்படை.

குழந்தைகளைச் சோதித்துப் பணம் கொடுத்தால் மட்டும் போதாது, கற்பிப்பவருக்கு முறை தெரிந்திருக்க வேண்டும் என்று 2019இல் செனட் மசோதா 199 வழியாகச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த வகுப்புகளில் வாசிப்பு கற்பிக்கும் ஒவ்வொரு ஆசிரியரும் ஆய்வுச் சான்றுள்ள முறைகளில் பயிற்சி பெற்று, முடிவில் தேர்வும் தேறவேண்டும். நடைமுறையில் இது 45 மணி நேரம். 2000ஆம் ஆண்டு அமெரிக்க தேசிய வாசிப்புக் குழு தன் அறிக்கையில் முன்வைத்த ஐந்து கூறுகள்தான் பாடத்தின் முதுகெலும்பு: சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்தறிதல், ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பு, சரளம், சொல்வளம், புரிதல். 2022இல் வந்த இன்னொரு திருத்தம் தொடக்கப் பள்ளி பிரின்சிபால்கள், நிர்வாகிகள், நான்கு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாசிப்பில் தனி உதவி தரும் ஆசிரியர்கள் ஆகியோரையும் சேர்த்துக்கொண்டது. பிரின்சிபால்களுக்கும் நிர்வாகிகளுக்கும் பயிற்சி வேறு. அதையும் நீங்கள்தான் தனியாகக் கண்காணிக்க வேண்டும்.

ஆசிரியரைப் பார்த்துப் 'படி' என்று சொல்வதோடு சட்டம் நிற்கவில்லை. மாவட்டத்தைப் பார்த்து, 'ரீட் சட்டப் பணத்தை வாங்குகிறாய் அல்லவா, உன்னிடம் வேலை செய்யும் ஒவ்வொருவரும் முடித்திருப்பதை நீ உறுதிசெய்' என்கிறது. அப்படியென்றால் பதிவில் விழும் ஓட்டைக்கு மாவட்டம்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பணம் நின்றால் அடிபடுவது வாசிக்கத் திணறும் குழந்தைகள். இந்த வேலையை வெறும் காகித வேலை என்று நான் ஒருநாளும் நினைக்காததற்குக் காரணம் இதுதான்.

படி 1: சான்றிதழிலிருந்து தொடங்காதீர்கள், வகுப்பிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலான மாவட்டங்கள் தடுக்கி விழும் இடம் இது. யாரிடம் சான்றிதழ் இருக்கிறது என்று சேகரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். சான்றிதழ் கொடுத்தவர்கள் பட்டியலில் வந்துவிடுவார்கள். கொடுக்காதவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, 'இன்று இந்த மாவட்டத்தில் எந்தெந்தக் குழந்தைக்கு யார் வாசிப்பு கற்பிக்கிறார்?' என்பது.

அதற்கு ஹெச்.ஆர். தரும் பதவிப் பட்டியல் போதாது. அதில் 'தொடக்கப் பள்ளி ஆசிரியர்' என்று மட்டும் இருக்கும். அவர் இரண்டாம் வகுப்பா ஐந்தாம் வகுப்பா என்பது தெரியாது. மாணவர் தகவல் அமைப்பிலிருந்து வகுப்புவாரியான ஆசிரியர் பட்டியலை எடுத்து, ஹெச்.ஆர். பட்டியலோடு பணியாளர் எண்ணை வைத்துப் பொருத்துங்கள். அப்புறம் அதைப் பள்ளிவாரியாகப் பிரித்து ஒவ்வொரு பிரின்சிபாலுக்கும் அனுப்பி, "இந்தப் பட்டியலில் இல்லாத யாராவது உங்கள் பள்ளியில் வாசிப்பு கற்பிக்கிறார்களா?" என்று கேளுங்கள். "பட்டியல் சரியா?" என்று கேட்டால் 'சரி' என்றுதான் பதில் வரும். 'இல்லாதவர் யார்?' என்று கேட்டால்தான் பெயர்கள் வரும்.

அப்படி வரும் பெயர்களில் பெரும்பாலும் இவர்கள் இருப்பார்கள். சிறப்புக் கல்வி ஆசிரியர், தன் அறைக்குக் குழந்தைகளை அழைத்துவந்து வாசிப்பு கற்பிப்பவர். ஏழைக் குழந்தைகள் அதிகம் உள்ள பள்ளிகளுக்காகக் கூட்டரசு நிதியில் நடக்கும் 'டைட்டில் ஒன்' திட்டத்தின் ஆசிரியர். ஆங்கிலம் புதிதாகக் கற்கும் குழந்தைகளுக்கான ஆசிரியர். வாசிப்பில் தனி உதவி தரும் இன்டர்வென்ஷன் ஆசிரியர். வகுப்பறை இவர்கள் பெயரில் இருக்காது. ஆனால் மிகவும் திணறும் குழந்தை இவர்களிடம்தான் உட்கார்ந்திருக்கும். சட்டத்தின் நோக்கத்தை நினைத்துப் பார்த்தால், பட்டியலில் முதல் வரியிலேயே வரவேண்டியவர்கள் இவர்கள்தான்.

உடற்கல்வி, இசை, ஓவியம் மட்டும் எடுப்பவர்கள் வரமாட்டார்கள். வகுப்பில் ஆசிரியருக்கு ஒத்தாசையாக இருக்கும் உதவியாளர்களுக்கும் இந்த நிபந்தனை இல்லை. பாடவாரியாகப் பிரித்துக்கொண்டு கணக்கு மட்டும் எடுக்கும் மூன்றாம் வகுப்பு ஆசிரியர் என்றால், வாசிப்புப் பொறுப்பு அவருக்கு உண்மையிலேயே இல்லையா என்று பிரின்சிபாலிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். பிப்ரவரியில் அவரே ஒரு வாசிப்புக் குழுவை எடுக்க ஆரம்பித்திருப்பார். யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அரசுப் பணத்தில், ஆனால் தனி நிர்வாகத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளை மறந்துவிடாதீர்கள். கொலராடோவில் சார்ட்டர் பள்ளிகள் ஆசிரியர் உரிம நிபந்தனையிலிருந்து விலக்குப் பெறலாம். உரிமம் இல்லாதவரை மாநில உரிமத் தளத்தில் தேடிப் பயனில்லை. அவருடைய பயிற்சிச் சான்று உங்கள் கோப்பில்தான் இருந்தாக வேண்டும்.

படி 2: ஒவ்வொருவரும் எந்த வழியில் முடித்தார் என்று பிரியுங்கள்

'முடித்தார்' என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் பல வழிகள் இருக்கின்றன. மாநிலக் கல்வித் துறையே இலவசமாக நடத்தும் ஆன்லைன் பயிற்சி ஒன்று. துறை ஒப்புதல் அளித்த பட்டியலில் உள்ள பயிற்சிகள் இன்னொன்று. மாவட்டமோ, பல மாவட்டங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுச் சேவை அமைப்போ தரும் ஒப்புதல் பெற்ற பயிற்சியும் செல்லும். பல்கலைக்கழகத்தில் ஒப்புதல் பெற்ற பாடம் படித்திருக்கலாம். பிராக்சிஸ் 5205 என்ற தொடக்கப் பள்ளி வாசிப்புக் கற்பித்தல் தேர்வைத் தேறியிருக்கலாம்.

வழிக்கு வழி சான்று மாறும். பயிற்சி என்றால் முடித்த சான்றிதழும் இறுதித் தேர்வில் தேறியதற்கான ஆதாரமும். பாடம் என்றால் மதிப்பெண் பட்டியல். பிராக்சிஸ் என்றால் மதிப்பெண் அறிக்கை. வகுப்பில் உட்கார்ந்ததற்கான வருகைச் சான்று மட்டும் இருந்தால் அது முடித்ததாகாது. இதைக் கறாராகப் பாருங்கள்.

இங்கே ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வரும். கொலராடோவில் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இன்னொரு 45 மணி நேரப் பயிற்சி நிபந்தனையும் உண்டு: வேறு மொழி, வேறு பண்பாட்டுப் பின்னணியிலிருந்து வரும் குழந்தைகளுக்குக் கற்பிப்பது பற்றியது. இரண்டும் 45 மணி நேரம் என்பதால் ஆசிரியர்கள் அந்தச் சான்றிதழை இதற்கு அனுப்பிவிடுவார்கள். "நான் நாற்பத்தஞ்சு மணி நேரம் முடிச்சாச்சே, அனுப்பினேனே" என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆகவே மணி நேரத்தைப் பார்க்காதீர்கள். சான்றிதழில் உள்ள பயிற்சியின் பெயரை எடுத்து, துறையின் ஒப்புதல் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

படி 3: ஷீட்டை மறுபடி கட்டுங்கள்

ஒரு வரிக்கு ஓர் ஆசிரியர் என்று வைக்காதீர்கள். ஒரு வரிக்கு ஒரு பணி என்று வையுங்கள். ஒரே ஆசிரியர் காலையில் ஒரு பள்ளியிலும் மதியம் இன்னொரு பள்ளியிலும் வாசிப்பு எடுத்தால் இரண்டு வரிகள். இது முதலில் தேவையில்லாத வேலையாகத் தெரியும். ஆண்டு நடுவில் ஆட்கள் இடம் மாறும்போதுதான் இதன் அருமை புரியும்.

ஒவ்வொரு வரியிலும் பணியாளர் எண், உரிமத்தில் உள்ளபடி பெயர், பள்ளி, வகுப்பு, என்ன பணி, அந்தப் பணி தொடங்கிய தேதி, முடிந்த தேதி, பயிற்சி நிபந்தனை பொருந்துமா, பொருந்தாது என்றால் ஏன், எந்த வழி, பயிற்சி முடித்த தேதி, சான்று சேமித்திருக்கும் கோப்பின் பெயர், மாநில உரிமத்தில் குறிப்பு ஏறிவிட்டதா, கடைசியாகச் சரிபார்த்தது யார், எப்போது. இவ்வளவும் வேண்டும். 'ஏன் பொருந்தாது' என்ற கட்டத்தைக் காலியாக விடவே கூடாது. மூன்று வருடம் கழித்து ஒருவர் கேட்கும்போது, அன்று முடிவெடுத்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சிக்கல் உண்டு. தன் பெயர் ஒன்று, இனிஷியல் ஒன்று என்று பழகிய ஒருவர் அமெரிக்காவில் ஆசிரியராகச் சேரும்போது, பாஸ்போர்ட்டில் உள்ளபடி அப்பா பெயரோ கணவர் பெயரோ குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஹெச்.ஆர். கோப்பில் ஒரு விதம், உரிமத்தில் ஒரு விதம், பயிற்சித் தளத்தில் அவரை எல்லாரும் கூப்பிடும் பெயர் என்று மூன்றாகப் பிரிந்துவிடும். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாற்றிய அமெரிக்க ஆசிரியர்களுக்கும், இரட்டைக் குடும்பப் பெயர் வைத்திருக்கும் ஸ்பானிய மொழிக்காரர்களுக்கும் இதே கதைதான். கம்ப்யூட்டர் பெயரை வைத்துப் பொருத்தினால் இவர்கள் எல்லாரும் 'முடிக்கவில்லை' என்று வந்து நிற்பார்கள். பயிற்சிக்குப் பதிவு செய்யும்போதே மாவட்ட மின்னஞ்சலைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். சான்றிதழில் வேறு பெயர் இருந்தால், இருவரும் ஒருவரே என்று ஹெச்.ஆர். உறுதிசெய்த குறிப்பை அதே கோப்பில் சேர்த்துவையுங்கள்.

படி 4: மாநில உரிமத் தளத்தோடு ஒத்துப்பாருங்கள்

கொலராடோவில் ஆசிரியர் உரிமங்கள் எல்லாம் 'கூல்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆன்லைன் உரிமத் தளத்தில் இருக்கின்றன. பயிற்சி முடித்தவர் தன் கணக்கில் நுழைந்து சான்றைப் பதிவேற்ற வேண்டும். துறை சரிபார்த்ததும் ரீட் சட்டக் குறிப்பு அவருடைய உரிமத்தில் ஏறும். அது ஏறிவிட்டால் அவர் வேறு மாவட்டத்துக்குப் போனாலும் கூடவே போகும்.

சான்றிதழை உங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டாலே வேலை முடிந்தது என்று பல ஆசிரியர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் ஷீட்டில் மூன்று நிலைகள் வேண்டும்: பயிற்சி முடிந்தது, சான்று மாவட்டத்துக்கு வந்தது, உரிமத்தில் ஏறியது. நடுவில் நிற்பவர்களுக்குப் பதிவேற்றும் முறையைப் படத்தோடு ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். இன்னும் நல்லது, ஆசிரியர் கூட்டம் நடக்கும் நாளில் மடிக்கணினியோடு நூலகத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு அங்கேயே செய்துகொடுப்பது. பத்து நினைவூட்டல் மின்னஞ்சல் செய்யாததை அந்த ஒரு மதியம் செய்துவிடும்.

படி 5: ஆண்டு நடுவில் மாறுகிறவர்களைப் பிடியுங்கள்

ஆகஸ்டில் சரியாக இருந்த பட்டியல் ஜனவரியில் சரியாக இருக்காது. மாணவர் எண்ணிக்கை கூடியதால் இரண்டாம் வகுப்பைப் பிரித்து, ஐந்தாம் வகுப்பு ஆசிரியரை அங்கே மாற்றியிருப்பார்கள். பிரசவ விடுப்பில் போனவர் இடத்தில் நீண்டகால மாற்று ஆசிரியர் (சப்ஸ்டிடியூட்) வந்திருப்பார். ஹெச்.ஆர். கணக்கில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் அதே பள்ளி, அதே பதவி, அதே சம்பளம். எந்த மாற்றமும் பதிவாகாது. உங்கள் கணக்கில் அவர் இப்போது பயிற்சி தேவைப்படும் ஆள்.

இதைப் பிடிக்க இரண்டு வழிகள். மாதம் ஒருமுறை மாணவர் தகவல் அமைப்பின் பட்டியலை மறுபடி எடுத்து, போன மாதப் பட்டியலோடு ஒப்பிட்டு, புதிய பெயர்களை மட்டும் பாருங்கள். அப்புறம், பள்ளி அலுவலகச் செயலாளர்களோடு நல்ல பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்த அறைக்கு மாறினார் என்பது பிரின்சிபாலுக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும்.

புதிதாக வேலைக்கு எடுக்கும்போது, நேர்காணல் கட்டத்திலேயே பயிற்சி நிலையைக் கேட்கச் சொல்லுங்கள். முடிக்காதவரை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆசிரியர்கள் வேறு மாநிலத்திலிருந்து வருவார்கள். ஆனால் எந்தத் தேதிக்குள் முடிப்பார், எந்த வழியில் என்பது பணி நியமனக் கடிதத்திலேயே இருக்கட்டும். வேறு மாநிலத்தில் எடுத்த பயிற்சி தானாகச் செல்லாது; அது கொலராடோவின் ஒப்புதல் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்லவேண்டும். அவகாசம் தேவைப்பட்டால் துறையிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கெடு தாண்டிய பிறகு கேட்கும் கடிதத்துக்கும் அதற்கு முன் கேட்கும் கடிதத்துக்கும் கிடைக்கும் மரியாதை ஒன்றாக இருக்காது.

படி 6: படிக்க நேரம் கொடுத்துவிட்டுக் கணக்குக் கேளுங்கள்

45 மணி நேரம் என்பது ஒரு முழு வேலை வாரத்துக்கும் மேல். அதை முழுக்க இரவிலும் சனி ஞாயிறிலும் தள்ளிவிட்டு, "ஏன் இன்னும் முடிக்கவில்லை?" என்று சிவப்புக் கட்டம் போட்டு அனுப்புவது நியாயமில்லை. மாவட்ட நாட்காட்டியில் மாணவர்கள் வராத பயிற்சி நாட்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை இதற்கென்று ஒதுக்கச் சொல்லி மேலிடத்தில் பேசுங்கள். சம்பளம் உண்டா, உதவித்தொகை உண்டா என்பதை ஆசிரியர் சங்க ஒப்பந்தத்தைப் பார்த்துத் தெளிவாக எழுதிச் சொல்லுங்கள். இந்த மணி நேரங்களை உரிமம் புதுப்பிக்கத் தேவையான 90 மணி நேரக் கணக்கிலும் காட்டலாம் என்பதையும் சொல்லுங்கள். பலருக்கு அது தெரியாது.

நினைவூட்டல்களை எல்லாருக்கும் ஒரே மாதிரி அனுப்பாதீர்கள். ஏற்கெனவே முடித்தவருக்கு 'முடிக்கவும்' என்று மின்னஞ்சல் போனால், அடுத்தமுறை உங்கள் பெயரைப் பார்த்ததும் அழித்துவிடுவார். நிலைவாரியாகப் பிரித்து, "உங்கள் சான்று எங்களிடம் இருக்கிறது, உரிமத் தளத்தில் பதிவேற்றுவது மட்டும் பாக்கி" என்று அவரவருக்குப் பொருந்துவதை மட்டும் எழுதுங்கள். இறுதித் தேர்வில் தேறாதவர் பெயரைப் பள்ளி முழுக்கப் போகும் பட்டியலில் காட்டவே கூடாது. அதை அவரோடும் பிரின்சிபாலோடும் மட்டும் பேசுங்கள். மறுபடி எழுத ஏற்பாடு செய்யுங்கள்.

படி 7: அறிக்கையும் கோப்பும்

மாநிலத்துக்கு அறிக்கை அனுப்பும் நாளில் இருந்த பட்டியலை அப்படியே தேதியிட்டுத் தனியாகச் சேமியுங்கள். நடப்பு ஷீட் மாறிக்கொண்டே இருக்கும், அனுப்பியது மாறக்கூடாது. கையெழுத்திடுபவர் மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்ட் என்றால், அவருக்கு மொத்த எண்ணிக்கையை மட்டும் கொடுக்காதீர்கள். முடிக்காதவர்கள் யார், ஒவ்வொருவருக்கும் என்ன திட்டம் என்ற ஒரு பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். நூறு சதவீதம் என்று எழுத ஆசை வரும். இரண்டு பேர் பாக்கி என்றால் இரண்டு பேர் பாக்கி என்றே எழுதுங்கள்.

சான்றுகளை ஆசிரியரின் பணிக் கோப்பிலும், இதற்கென உள்ள பொது ஃபோல்டரிலும் வையுங்கள். ஒருவருடைய சொந்த கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால், அவர் போனதும் பதிவும் போய்விடும். வேலையை விட்டுப் போனவரின் வரியை அழிக்காதீர்கள். முடிவுத் தேதியைப் போட்டு விடுங்கள்.

மற்ற மாநிலங்களில் எது மாறும்?

டெக்சாஸில் 2019இல் வந்த ஹவுஸ் பில் 3 என்ற சட்டம், கிண்டர்கார்டன் முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான ஆசிரியர்களையும் அந்தப் பள்ளிகளின் பிரின்சிபால்களையும் 'ரீடிங் அகாடமி' பயிற்சிக்கு அனுப்பியது. அங்கே கணக்கு மட்டும் எடுக்கும் ஆசிரியரும் சேர்த்தி. ஆகவே கொலராடோப் பட்டியலின் விதியை அங்கே அப்படியே பயன்படுத்தினால் ஆட்கள் விட்டுப்போவார்கள். வட கரோலினா 2021 சட்டத்துக்குப் பிறகு 'லெட்டர்ஸ்' என்ற ஒரே பயிற்சியை மாநிலம் முழுக்கக் கொடுத்து, மாவட்டங்களை மூன்று அணிகளாகப் பிரித்து இறக்கியது; அங்கே வழிகளைப் பிரிக்கும் வேலை குறைவு, அலகு அலகாக முன்னேற்றத்தைப் பார்க்கும் வேலை அதிகம். ஒஹையோவில் 2025 ஜூன் 30 என்று கெடு வைத்து, ஆசிரியர்களுக்கு உதவித்தொகையும் கொடுத்தார்கள். பயிற்சிப் பதிவோடு பணப் பட்டுவாடாக் கணக்கும் சேர்ந்துகொண்டால், தவறு நேர்ந்தால் ஒருவருடைய சம்பளத்திலேயே தெரியும்.

எந்த மாநிலமாக இருந்தாலும் முதலில் தேட வேண்டியவை நான்கு: யாருக்குப் பொருந்தும், எது முடித்ததாகும், எந்தத் தேதிக்குள், சான்று எங்கே பதிவாக வேண்டும். சட்டத்தின் வாசகத்தை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். துறையின் கேள்வி-பதில் பக்கத்தில்தான் உண்மையான விவரம் இருக்கும். அதுவும் அவ்வப்போது மாறும். படித்த தேதியைக் குறித்துவையுங்கள்.

படி 8: பெற்றோர் கேட்டால்

"என் பிள்ளையின் ஆசிரியர் இந்தப் பயிற்சியை முடித்தவரா?" என்று பெற்றோர் கேட்கலாம். தமிழ்ப் பெற்றோர் பலர் இப்படிக் கேட்கத் தயங்குகிறார்கள், டீச்சரைக் குறை சொல்வதாக ஆகிவிடுமோ என்று. ஆகாது. இப்படி யாராவது கேட்டால் உங்கள் அலுவலகம் என்ன பதில் சொல்லும் என்பதை மாவட்ட வழக்கறிஞரிடமும் ஹெச்.ஆரிடமும் முன்பே கேட்டு முடிவு செய்துவையுங்கள். தொலைபேசி எடுப்பவரிடமும் அது ஒரு தாளில் இருக்கட்டும்.

மே மாதம் வந்ததும் பிரின்சிபால்கள் அடுத்த ஆண்டுக்கு யார் எந்த வகுப்பு என்று பலகையில் பெயர் எழுத ஆரம்பிப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு உங்கள் ஷீட்டோடு போங்கள். பயிற்சி முடிக்காத ஒருவரை முதல் வகுப்புக்கு மாற்றப் பேசுகிறார்கள் என்றால், கோடை விடுமுறை தொடங்குவதற்கு முன்பே அவருக்குச் சொல்லிவிட இன்னும் நேரம் இருக்கும்.